வாயைக் கழுவச் சொன்னது நான்தான்

தம்பி,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போன சனிக்கிழமை போனில் "சாப்பிட்டேம்மா" என்று நீ இழுத்த விதத்திலேயே சாப்பிடவில்லை என்று தெரிந்துவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவும் நன்றாக இருக்கிறார். ஜீப் மட்டும் சரியில்லை. அது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே சரியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு இந்த மாதக் கடைசிக்குள் ஒன்பதாம் மாத அறிக்கை அனுப்ப வேண்டும், அதில் "வேலை செய்யவில்லை" என்று எழுதிவிட்டு ஜெர்மனி வேலைக்குச் சரி சொல்லப்போகிறேன் என்றாய். அப்படி எழுதாதே. அது உண்மையில்லை. உன்னை அப்படி நினைக்க வைத்தவள் நான்.

இதைப் போனிலேயே சொன்னேன். "விளையாடாதேம்மா, இப்ப அதுக்கு நேரமில்ல" என்று வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினாறு வயதில், மந்திரி வருகிறார் என்று தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லி, ஒரே நாளில் பத்து வரிசை வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிக்க வைத்தவள் நான். சூப்பர்வைசரின் டீயில் உப்புப் போட்டுவிட்டு, "இது புது ரகத் தூளுங்க" என்று முழுக் குவளையையும் குடிக்க வைத்தவள் நான். கல்யாணமாகி, நீ பிறந்து, தலை நரைத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. நீ ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்குப் போக இருந்த காலையில், "ஜீப் ரிப்பேர், இன்னைக்குப் போகல" என்று சும்மா சொன்னேன். ஐந்து நிமிடம் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நீயோ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக எங்கேயோ போய்விட்டாய். உன்னைத் தேடிப் பிடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகளோடு ஜீப் கிளம்பிவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை; ஒவ்வொரு முறையும் ஒரு சிரிப்பைப் போட்டு மூடிவிட்டேன். இப்போது கேட்கிறேன். கேட்டுவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

இதை ஊரறியவே எழுதுகிறேன். நம் எஸ்டேட் பெண்கள் சேர்ந்து போடுகிற இதழில் அச்சிடக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிக்க எழுதுகிறவள் விளையாட மாட்டாள் என்றாவது நீ நம்புவாய் இல்லையா? தவிர, இது நம் இருவரோடு முடிகிற சங்கதியும் இல்லை. படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

உன் யோசனை எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழுந்து எடுக்கும்போது எங்களுக்குக் கை ஓயாது. கை ஓயாதபோது வாயும் சும்மா இருக்காது. ஒன்று பேச வேண்டும், இல்லை மெல்ல வேண்டும். நான் இரண்டும் செய்வேன். குளிருக்கு வெற்றிலை, பசிக்கு வெற்றிலை, எரிச்சலுக்குக் கொஞ்சம் புகையிலை. கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தால் வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்க்க மாட்டார்கள். வலிக்கும்போது போனால், ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். நம் லயத்திலேயே அப்படிப் போன முகங்கள் உனக்குத் தெரியும். ஒருநாள் நம் அடுக்களையில் உட்கார்ந்து, விரல் நீளத்துக்கு ஒரு தாளைக் காட்டினாய். எச்சிலில் நனைத்து நீல வெளிச்சத்தில் பிடித்தால், வலி வருவதற்கு வெகு முன்பே, கெட்டது தொடங்கியிருந்தால் தாள் மினுங்கும் என்றாய். "மினுங்குமா?" என்று கேட்டேன். "மினுங்கணும்மா. மினுங்குதான்னு பார்க்கத்தான் போறேன்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்று இடத்தில் பணம் கேட்டாய். வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் கொண்டுவா, பிறகு தருகிறோம் என்று மூன்று பேருமே சொன்னார்கள். ஆதாரம் இருந்தால் என் பிள்ளை ஏன் உங்கள் வாசலில் நிற்கிறான்? புதிதாகத் தேயிலை நட்ட காட்டில் மூன்று நான்கு வருடம் கொழுந்தே எடுக்க முடியாது. அதற்காக யாராவது நாற்றங்காலுக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போய், இந்தக் கன்று இன்றைக்கு எத்தனை கிலோ என்று கேட்பார்களா? களை எடுக்கிறார்கள், நிழல் கட்டுகிறார்கள், கூலியும் கொடுக்கிறார்கள். சில கன்று பட்டுப்போகும். அது தெரிந்துதான் நடுகிறார்கள். துரைமார் காலத்திலிருந்து தேயிலைக்குக் கிடைக்கிற பொறுமை, அதைப் பறிக்கிறவள் வாய்க்குக் கிடைக்கக் கூடாதா?

நாலாவது இடம் வேறு மாதிரி. முளைவிடும் யோசனைகளுக்கென்றே கொஞ்சம் பணம் ஒதுக்கிவைத்தவர்கள். நேர்காணலன்று வீட்டில் சிக்னல் இல்லாமல், மலைப்பாதை வளைவுக்கு மேலே உன் அப்பாவின் ஜீப்பில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பேசினாய். நான் பின்சீட்டில் குனிந்து ஒளிந்திருந்தேன். குழுவில் இருந்த அம்மா கேட்டார்: "இது தோற்றுப்போனால் என்ன செய்வீர்கள்?" நீ சொன்னாய்: "ஏன் தோற்றதுன்னு உங்களுக்குச் சரியா எழுதி அனுப்புவேன், மேடம். அடுத்தவங்க அதே இடத்துல தோற்க வேண்டாம்ல." நான் பின்னாலிருந்து கைதட்டிவிட்டேன். "யார் அது?" என்று அவர் கேட்க, "எங்க அம்மா" என்று நீ தலையில் கைவைக்க, அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருடத்துக்குப் பணம் வந்தது. நீ கொடுத்த அந்த வாக்கை வைத்துத்தான் இப்போது உன்னைப் பிடிக்கிறேன். ஏன் தோற்றது என்று சரியாக எழுத வேண்டுமென்றால், முதலில் உனக்கு அது சரியாகத் தெரிய வேண்டும்.

எச்சில் எடுக்கும் நாளுக்கு முந்தைய வாரம் நீ என்னிடம் ஒரு தாள் கொடுத்தாய். மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்திருந்தாய். ஒரு மணி நேரம் முன்பிருந்து வெற்றிலை போடக் கூடாது, சாப்பிடக் கூடாது, வாய் கொப்பளிக்கவும் கூடாது. இதை எல்லோருக்கும் சொல்லிவிடும்மா என்றாய். நான் படித்தேன். புரியாமல் போனது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மூன்று வரியும் நன்றாகவே புரிந்தது. முதல் இரண்டைச் சொன்னேன். மூன்றாவதைத் தலைகீழாக்கிச் சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். நகரத்திலிருந்து உன்னோடு டாக்டர்கள் வருகிறார்கள். என் மகன் அவர்கள் நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கப்போகிறான். அவன் முன்னால் நாற்பது பெண்கள் வரிசையாக வந்து வாயைத் திறக்கப்போகிறோம்: கறுத்த பல், சிவந்த நாக்கு, காலையிலிருந்து காட்டில் நின்ற வாடை. இவர்களா உன் ஊர்க்காரர்கள், இவளா உன் அம்மா என்று அந்தப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துவிட்டால்? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நல்ல சேலை கட்டுகிற ஆட்கள் நாங்கள். ஊசி போடப் போனாலும் குளித்துவிட்டுப் போவோம். வாயைக் காட்டப் போகிறோம், அதைக் கழுவாமலா போவது?

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரெச் கட்டிடத்தின் முன்வாசலில் நீ மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாய். பின்பக்கக் குழாயடியில் நான் என் கடையைப் போட்டிருந்தேன். காலையில் பறித்த கொழுந்தை எடை போட்டு முடித்து வந்தவர்களை அப்படியே பின்னால் திருப்பினேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கிண்ணம் உப்பு, கரித்தூள். அது போதாதென்று ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தி பேஸ்ட், ஒருத்தி கிராம்பு, ஒருத்தி மடி நிறைய ஏலக்காய். பார்வதி யூக்கலிப்டஸ் தைலத்தையே தண்ணீரில் ஊற்றிக் கொப்பளித்துக் கண்ணில் நீர் வழிய நின்றாள். "கேட்டா கொப்பளிக்கலன்னு சொல்லுங்கட்டி, என் மானத்த வாங்கிராதீக" என்று பாடமும் நடத்தினேன். முன்வாசலில் உன்னோடு வந்த மலையாளத்துப் பெண் ஒவ்வொருத்தியையும் கேட்டாள். ஒவ்வொருத்தியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி "இல்ல டாக்டரம்மா" என்றாள். அந்தப் பெண் மூச்சை இழுத்து, "இவிடத்தெ காற்றினு நல்ல மணம், அல்லே?" என்று உன்னிடம் சொன்னது குழாயடியில் எனக்கும் கேட்டது. மலைக் காற்றின் மணம் என்று நினைத்துவிட்டாள் பாவம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கடைசியாக வந்தவள் எஸ்தர். என்னோடு ஒரே காட்டில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள், பக்கத்து வரிசை வீடு, உனக்கு எஸ்தர் சித்தி. அவள் சாக்கைக் கடைசியில்தான் எடை போட்டார்கள். அவள் ஓடி வருவதற்கும் குழாயில் தண்ணீர் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"ஏட்டி, தண்ணி நின்னு போச்சே. இந்த வாயோடயா போவ?" என்றேன்.

"இந்த வாய்க்கு என்ன குறை? இதுலதான் சாப்பிடுதேன், இதுலதான் ஜெபம் பண்ணுதேன், இதுலதான் உன்னயும் வையுதேன். காலையில இருந்து வெத்தில போடாம தலை இடிக்கி. தள்ளு."

அப்படியே உள்ளே போனாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இனி, போன சனிக்கிழமை. நீ சொன்னாய்: "எல்லாமே வெறும் தாளா இருக்கும்மா. ஆஸ்பத்திரியில ஏற்கெனவே வாய்க்கு வைத்தியம் பார்த்துட்டு இருக்கிற மூணு பேர், அவங்களுக்குக் கண்டிப்பா மினுங்கியிருக்கணும். அவங்க தாளும் வாயே திறக்கல. கடைசியா எடுத்தது ஒண்ணு மட்டும் மினுங்குச்சு. ஒண்ணே ஒண்ணுன்னா அது தாளோட கோளாறு. விட்டுட்டேன்." அந்த மூன்று பேரும் என் வாளியில் இரண்டிரண்டு தடவை கொப்பளித்தவர்கள், தம்பி. நோயாளி என்பதால் கூடுதலாகக் கழுவச் சொன்னேன். கடைசியாக எடுத்தது என்று நீ சொன்னதும் அது எஸ்தர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் நீ சொல்லவில்லை. யார் பெயரும் உன்னிடம் எண்ணாகத்தான் இருக்கிறது என்று தெரியும். வரிசையை நிறுத்தியவள் நான். எனக்கு எண் தேவையில்லை. உன்னிடம் சொல்லத் தொடங்கினேன், நீ விளையாட்டு என்று வைத்துவிட்டாய். உனக்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பை நான் வாயோடு சேர்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே எஸ்தர் வீட்டுக்குப் போனேன். செல்போன் டார்ச்சை அடித்து, "வாயத் திற" என்றேன்.

"எதுக்குட்டி? உள்ள தேள எதுவும் விடப் போறியா?"

"சத்தியமா விளையாட்டு இல்ல. திற."

"நீ சத்தியம் பண்ணுனாத்தான் எனக்குப் பயமே." ஆனாலும் திறந்தாள். இடது கன்னத்துக்குள், கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், பால் ஏடு ஒட்டியது மாதிரி ஒரு திட்டு. விரலால் அழுத்தினேன். வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். அப்படியென்றால் திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன்.

திங்கட்கிழமை உன் அப்பா ஜீப்பில் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுபோனார். சிறு துண்டு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நேற்று முடிவு வந்தது. கெட்டது தொடங்கியிருக்கிறது, மிக ஆரம்பம், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதும் என்றார் டாக்டர். "இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று அவரே கேட்டார். எஸ்தர் என்னைக் கைகாட்டி, "தண்ணி நின்னு போச்சு டாக்டர், அதான்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது. இத்தன நாள் நான் நாலு பேரப் பத்திப் பேசினேன், இப்ப நாலு பேரு என் வாயப் பத்திப் பேசட்டும்" என்றாள்.

ஒரு தாள் மினுங்கியதை வைத்து நீ ஜெயித்துவிட்டாய் என்று நான் குதிக்கவில்லை. ஒன்று தற்செயலாக இருக்கலாம் என்று நீ சொல்லுவாய், சரிதான். ஆனால் மற்ற முப்பத்தொன்பதை வைத்துத் தோற்றதாகவும் சொல்ல முடியாது. அவற்றில் நீ சோதித்தது உப்பையும் கரியையும் ஏலக்காயையும்தான்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட அதிகமாகக் கொப்பளித்தவள் நான். நாலு தடவை. அதற்குக் காரணம் மானம் மட்டும் இல்லை. உன் தாள் என் எச்சிலில் மினுங்கிவிடுமோ, அதை நீ பார்க்கும்படி ஆகிவிடுமோ என்று பயம். ஊரையே கேலி செய்கிறவளுக்கு ஒரு துண்டுத் தாளைக் கண்டு பயம். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும், உன் வேலைக்கு உதவும். நன்றாக இருக்கும்போது போய் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். வலி வந்தவள் உன்னைத் தேடி வருவாள். வலி இல்லாதவளை நீதான் தேடிப் போக வேண்டும், அவள் உன்னை ஏமாற்றப் பார்ப்பாள், பெற்ற தாயாக இருந்தாலும். எஸ்தரோடு போன அன்று என் வாயையும் டாக்டர் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். சந்தோஷம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கத்தானே நீ கிளம்பினாய்? எனக்கு உன் தாள் வேண்டும்.

மூன்று நாளாக வேலை முடிந்து லயம் லயமாக ஏறி இறங்கினேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் ஒருத்தியும் நம்பவில்லை. "நீ சொன்னேன்னுதான் கழுவினோம், இப்ப கழுவினது தப்புன்னும் நீயே சொல்லுதே. இதுல எது விளையாட்டு?" என்று பார்வதி சண்டைக்கு வந்தாள். எஸ்தர் அவள் முன்னால் வந்து, கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். தையல் போட்ட இடம் தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் சண்டை போடவில்லை. யார் எதைக் கொண்டு, எத்தனை தடவை கொப்பளித்தார்கள் என்று ஒவ்வொருத்தியும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எழுதத் தெரியாதவர்களுக்கு வேறு யாரையும் கூப்பிடவில்லை, நானே அவர்கள் சொன்னபடி எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். அந்தத் தாள்கள் இதோடு உனக்கு வருகின்றன. அச்சில் வராது, அவை உனக்கும், பணம் கொடுத்தவர்களுக்கும் மட்டும்.

இதை அவர்களிடம் மறைக்கலாம் என்று உனக்குத் தோன்றும். அம்மா கெடுத்தாள் என்று எழுத யாருக்குத்தான் மனது வரும்? எழுது. ஆரம்பத்தில் இருக்கும் யோசனைக்குப் பணம் கொடுக்கிறவர்கள், அது இடறும் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். எங்கே இடறியது என்பதை வாங்கத்தான் பாதிப் பணம். நாளைக்கு வயநாட்டிலோ வால்பாறையிலோ வேறொரு பிள்ளை இதே மாதிரி மேஜை போட்டு உட்கார்ந்தால், பின்பக்கக் குழாயடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். "கொப்பளித்தீர்களா?" என்று கேட்காமல், "எதை வைத்துக் கொப்பளித்தீர்கள்?" என்று கேட்கட்டும். எங்களிடம் கூடாது என்று மட்டும் சொல்லாமல், ஏன் கூடாது என்றும் சொல்லட்டும். காட்டில் நின்ற வாயே வேண்டும், அந்த வாய்க்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் வாளியைத் தூக்கியிருக்க மாட்டேன். இது உன் பங்குத் தப்பு. என் பங்கைவிடச் சின்னது, ஆனாலும் உன்னுடையது.

ஜெர்மனிக்குப் போவதானால் போ. நான் தடுக்கவில்லை, உன் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பு. தோற்று ஓடுகிறவனாக மட்டும் போகாதே, ஏனென்றால் நீ இன்னும் ஆட்டத்தையே தொடங்கவில்லை. உனக்குக் கொடுத்த ஒரு வருடத்தில் மூன்று மாதம் பாக்கி இருக்கிறது. மேனேஜரிடம் பேசிவிட்டேன், எந்த வேலை நாளானாலும் காலை எடை முடிந்ததும் ஒரு மணி நேரம் தருகிறேன் என்றார். முப்பத்தொன்பது பேரும் வருகிறோம் என்றிருக்கிறார்கள். நாள் மட்டும் நீ சொல்ல வேண்டும்.

இப்போது அந்த அறிக்கையை எடு. "வேலை செய்யவில்லை" என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அடி. அதன்மேல், "இன்னும் சோதிக்கப்படவில்லை" என்று எழுது. காரணம் கேட்டால் என் பெயரைத் தெளிவாகப் போடு. அந்தக் குழுவில் இருக்கிற அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

இப்படிக்கு,
சோதிக்கப்படாத முப்பத்தொன்பதில் ஒருத்தி,
அம்மா